ஹேர்வுட் மாளிகையின் காட்டப்படாத தளம்

போன வாரம் மாணவர்களோடு ஒரு வாசிப்புக் கூட்டம். முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ 'டவுன்டன் அபி' தொடருக்குப் போனது. "அங்கயும் மேல, கீழன்னு இருக்கு. ஆனா வேலைக்காரங்கள எவ்ளோ கண்ணியமா நடத்துறாங்க பாத்தீங்களா அண்ணே" என்றார் ஒரு தம்பி. கட்டடக்கலை படிக்கும் இன்னொரு தோழர், தான் கதையையே கவனிக்கவில்லை, வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். "என்ன அழகுண்ணே அந்த வீடுங்க!"

அழகுதான், மறுக்கவில்லை. நானும் உட்கார்ந்து பார்த்தவன்தான். ஆனால் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு கேள்வி கீழே விழுந்து கிடந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு எடுக்கவில்லை. இங்கே எடுக்கிறேன்.

அந்தத் தொடரின் நீட்சியாக 2019இல் வந்த திரைப்படத்தில் ஹேர்வுட் என்ற மாளிகை வருகிறது. வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகருக்கு வடக்கே இருக்கிறது. லாசல்ஸ் குடும்பத்தின் வீடு. இன்றைக்கும் அவர்கள்தான் அங்கே வசிக்கிறார்கள். 1759இல் கட்டத் தொடங்கி 1771இல் முடித்தார்கள். கட்டியவர் எட்வின் லாசல்ஸ். 'கட்டியவர்' என்று வரலாற்றில் எழுதுவது எப்போதும் இப்படித்தான். கல் சுமந்தவரின் பெயரை அங்கே தேட வேண்டாம்.

வரைபடம் போட்டவர் ஜான் கார். இவர் கல்தச்சரின் மகன், தானும் உளி பிடித்துத் தொடங்கியவர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பல்லாடியோ என்ற கலைஞர் வடிவமைத்த பண்ணை வீடுகளைப் பார்த்து, கோயில் முகப்பு போன்ற தூண்களும் இரு பக்கமும் ஒரே அளவில் விரியும் சிறகுகளும் கொண்ட வீடுகளை அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹேர்வுட்டும் அந்த வகைதான். நடுவில் உயர்ந்த கட்டடம், இரு பக்கமும் சிறகுகள், வெளியே பழுப்பேறிய உள்ளூர்க் கல். உள்ளே போனால் வேறு உலகம். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் ஆடம் கூரையிலிருந்து தரைவரை எல்லாவற்றையும் ஒரே கையால் வரைந்தார். கூரையில் மெல்லிய சுதை வேலை. அதன் கொடியும் வட்டமும் கீழே கம்பளத்தில் அப்படியே திரும்ப வரும். அறைகலன்கள் தாமஸ் சிப்பென்டேலுடையவை. அவர் பக்கத்து ஊரான ஓட்லியில் பிறந்தவர். அவர் வாழ்நாளில் எடுத்த வேலைகளிலேயே மிகப் பெரியது இதுதான் என்கிறார்கள்.

அங்கே நீண்ட கூடம் ஒன்று உண்டு. அதன் சன்னல்களுக்கு மேலே கனமான பட்டுத் திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, நுனியில் குஞ்சங்களோடு. அது துணி இல்லை. மரம். சிப்பென்டேலின் பட்டறையில் செதுக்கி, வண்ணம் பூசி, துணி என்றே நம்பும்படி மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இந்த மாளிகையில் எல்லாவற்றையும்விட அந்த மரத் துணிதான் மனதில் நிற்கிறது. ஏனென்றால் அங்கே எல்லாமே வேறொன்றாக நடிக்கிறது. சன்னலுக்கு வெளியே தெரியும் ஏரி, இயற்கையாகக் கிடப்பதுபோல் வளைந்து கிடக்கிறது. ஓடையை மறித்துச் செய்த ஏரி அது. புல்வெளிச் சரிவும் மரக்கூட்டங்களும் லான்சலாட் பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் 1770களில் வரைந்து வைத்தவை. அதற்கு முன் அங்கே கோத்தார்ப் என்ற பழைய மாளிகை இருந்தது. புது வீடு முடிந்ததும் அதை இடித்துவிட்டார்கள். பழைய ஹேர்வுட் கிராமமும் காட்சிக்கு இடைஞ்சல். பூங்காவின் வாசலுக்கு வெளியே, ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டிக் கிராமத்தை அங்கே மாற்றினார்கள். அந்தப் புதுக் கிராமத்தையும் ஜான் காரே வரைந்தார். பழைய தேவாலயம் மட்டும் பூங்காவின் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது, சுற்றி ஊர் இல்லாமல். ஹேர்வுட் மட்டும் இல்லை. நூனம் கோர்ட்னி, மில்டன் அபி என்று அந்த நூற்றாண்டில் காட்சிக்காக ஊர் பெயர்த்த பிரபுக்கள் பலர்.

இனி அந்தத் தம்பி சொன்ன 'கண்ணியம்'.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய வீடுகளில் வேலையாட்களும் எசமானர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். கோல்ஸ்ஹில் என்ற மாளிகையைக் கட்டிய ராஜர் பிராட், வேலையாட்களுக்கென்று தனிப் பின்படிக்கட்டு வைத்தார். குடும்பத்தாரின் கண்ணில் அவர்கள் படக்கூடாது என்பதே நோக்கம். அது பிடித்துப்போய், அதற்குப் பிறகு வந்த எல்லாப் பெரிய வீட்டிலும் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று தூணும் சுதையும் ஓவியமும் கொண்டது. இன்னொன்று அதே சுவர்களுக்குப் பின்னால் ஓடும் குறுகிய நடைகள், செங்குத்தான படிகள், சுவர்போலவே வண்ணம் பூசிய கதவுகள். அடுப்புக் கரியும் சுடுநீரும் அந்த வழியாக மேலே போகும். இரவில் நிறைந்த மலச்சட்டி அதே வழியாகக் கீழே வரும். டார்பிஷயரின் கால்க் அபியில் தோட்டக்காரர்கள் நடமாடுவது தெரியக்கூடாதென்று சுரங்கப்பாதையே உண்டு. சசெக்ஸில் அப்பார்க் மாளிகையில் சமையற்கட்டிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு பூமிக்கடியில் வந்தது. ஹேர்வுட்டின் பழைய சமையற்கட்டும் கீழ்த்தளத்தில்தான். இன்று செப்புப் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். தனிப் பாதை, தனி வாசல், கொல்லைப்புறம். ஆனால் அவசரப்பட வேண்டாம் தோழர்களே. அங்கே மலச்சட்டி சுமந்த பெண்ணுக்கு அது பிறப்பால் வந்த வேலை இல்லை. அவள் கைபட்ட உணவு தீட்டு இல்லை. அவள்தான் எசமானிக்கு உடை உடுத்திவிட்டாள். அடுத்த ஆண்டு வேலையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போகலாம், கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொள்ளலாம். சுரண்டல் இருந்தது, இழிவுபடுத்தல் இருந்தது. தீண்டாமை இல்லை. எல்லா ஒடுக்குமுறையையும் ஒரே பெயரால் கூப்பிடும் பழக்கம் நம் மேடைகளில் வளர்ந்திருக்கிறது. அது நம் வழக்கையே பலவீனப்படுத்தும். அண்ணல் அம்பேத்கர் அடிமைமுறையையும் தீண்டாமையையும் அருகருகே வைத்து எழுதியபோது, இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எங்கே வேறுபடுகின்றன என்றுதான் விரித்து எழுதினார்.

ஆகவே 'மேல்தளம் கீழ்த்தளம்' என்ற கதையின் குறை, கீழ்த்தளத்தைக் கண்ணியமாகக் காட்டியது அல்ல. வீட்டுக்கு இரண்டே தளங்கள்தான் என்று நம்ப வைத்ததுதான். ஹேர்வுட்டுக்கு இன்னொரு தளம் உண்டு. அது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து பின்படிக்கட்டு ஏறிக்கூட யாரும் மேலே வர முடியாது.

எட்வினின் தந்தை ஹென்றி லாசல்ஸ் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்படோஸ் தீவுக்குப் போனார். அங்கே சுங்க வரி வசூலிக்கும் அதிகாரி ஆனார். கூடவே சர்க்கரை வணிகம், கப்பற்படைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தம், ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கும் கூட்டுத் தொழிலில் பங்கு. எல்லாவற்றையும்விட முக்கியமானது வட்டி. தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1730களின் இறுதியில் ஹேர்வுட் நிலத்தை வாங்கினார். மகன் எட்வின் பிறந்ததே பார்படோஸில்தான்.

வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றவர்கள் நம்மில் பலர். எனவே அடுத்து நடந்ததை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிய தோட்ட முதலாளிகள் கட்ட முடியாமல் போனார்கள். 1773க்கும் 1787க்கும் இடையில் பார்படோஸ், ஜமைக்கா, கிரெனடா, டொபாகோ தீவுகளில் 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் லாசல்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. அடகில் இருந்தது நிலம் மட்டும் இல்லை. அதில் கரும்பு வெட்டிய மனிதர்களும் அடகுப் பொருள்தான்; நிலத்தோடு சேர்ந்து கை மாறினார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள். இதே ஆண்டுகளில்தான் இங்கிலாந்தில் பிரவுன் அந்த ஏரியை வளைத்துக்கொண்டிருந்தார்.

வெட்டிய கரும்பை உடனே பிழிய வேண்டும், தாமதித்தால் சாறு கெட்டுவிடும். ஆகவே அறுவடை மாதங்களில் ஆலையும் கொதிகலனும் இரவும் பகலும் ஓடும். தூக்கத்தில் உருளைக்குள் கை போகும். கொதிக்கும் பாகு மேலே சிந்தும். 18ஆம் நூற்றாண்டு முழுக்க அந்தத் தீவுகளில் அடிமைகளிடையே பிறப்பைவிட இறப்பு அதிகம். ஈடுகட்ட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மனிதரை உடைமை என்று வரையறுத்து, அடித்தால் குற்றமில்லை என்று எழுதிய ஆங்கிலேயச் சட்டம் முதலில் விரிவாக வந்ததும் பார்படோஸில்தான், 1661இல். சிப்பென்டேல் காலத்து மேசை நாற்காலிகளுக்குப் பேர்போன மகாகனி மரம்கூட மேற்கிந்தியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்கக் காடுகளிலும் பெரும்பாலும் அடிமைகள் வெட்டி இழுத்து வந்தது. சர்க்கரை வீட்டைக் கட்டியது, மரம் வீட்டை நிரப்பியது.

1807இல் ஒரு தேர்தல் நடந்தது. அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில்தான் நிறைவேறியிருந்தது. யார்க்‌ஷயர் தொகுதியில் இரண்டு இடங்களுக்கு மூவர் போட்டி. ஒருவர் அந்தச் சட்டத்துக்காக இருபது ஆண்டு போராடிய வில்பர்போர்ஸ். இன்னொருவர் மில்டன் பிரபு. மூன்றாமவர் ஹேர்வுட் வாரிசான ஹென்றி லாசல்ஸ். பாட்டனார் காலத்துப் பெயரேதான், ஆள் வேறு. பணம் தண்ணீராக ஓடியது. லாசல்ஸின் அடிமைத் தோட்டங்கள் பிரச்சாரத்தில் பேசுபொருள் ஆயின. 200க்கும் குறைவான வாக்கில் அவர் தோற்றார். வாக்குரிமை நிலமுள்ள ஆண்களுக்கு மட்டுமே இருந்த காலத்தில் இது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

தோற்றவர் என்ன இழந்தார்? 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையையே ஒழித்தது. ஒழித்துவிட்டு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. யாருக்கு? அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. முழுவதும் உடைமையாளர்களுக்கு. அதே ஹென்றி லாசல்ஸ், அதற்குள் ஹேர்வுட்டின் இரண்டாம் பிரபு ஆகியிருந்தார். பார்படோஸிலும் ஜமைக்காவிலும் இருந்த 1,277 பேருக்கு 26,300 பவுண்டுக்குச் சற்று அதிகமாகப் பெற்றுக்கொண்டார். தலைக்கு ஏறத்தாழ 20 பவுண்டு. விடுதலை பெற்றவர்கள் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அதே தோட்டத்தில், அதே முதலாளிக்கு, வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் 1838 வரை உழைத்தார்கள். அதாவது இழப்பீட்டின் ஒரு பகுதியை அடிமைகளே உழைப்பாகக் கொடுத்தார்கள். அரசு இதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது. பிரிட்டனில் வரி கட்டிய கரீபிய மக்களும் 2015 வரை அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

1840களில் சார்லஸ் பாரி வந்தார், லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர். ஹேர்வுட்டின் தெற்கு முகப்பிலிருந்த தூண் மண்டபத்தை எடுத்துவிட்டு, மேலே இன்னொரு தளம் ஏற்றினார், முன்னால் பெரிய மேடைத் தோட்டம் அமைத்தார். இழப்பீட்டுப் பணம்தான் அந்தக் கல்லானது என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தில் நிறமா இருக்கிறது? விடுதலையால் நொடித்துப்போன வீடு மாடி கட்டாது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த 1833 சட்டத்தில் நம்மைத் தொடும் ஒரு பிரிவு உண்டு. 64ஆம் பிரிவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமுள்ள நிலப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் பள்ளரும் பறையரும் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தது லண்டனுக்குத் தெரியாமல் இல்லை. 1819இலேயே சென்னை வருவாய் வாரியம் ஆட்சியர்களிடம் இதுபற்றி அறிக்கை கேட்டு வாங்கியிருந்தது. தெரிந்தேதான் விட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் அடிமைமுறையைக் குற்றம் என்று சொல்லவில்லை. 'இவன் என் அடிமை' என்ற உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது, அவ்வளவுதான். நிலம் மிராசுதாரிடம், பண்ணையாள் பண்ணையிலேயே. பார்படோஸிலும் இதே கதை. தீவின் நிலம் முழுக்கத் தோட்ட முதலாளிகளிடம் இருந்ததால், விடுதலையானவர் குடியிருக்கும் குடிசைக்காகவே பழைய தோட்டத்தில் உழைக்க வேண்டியிருந்தது. நிலம் என்ற சொல் இங்கே அரசாணையாக வர 1892 ஆனது. பஞ்சமி நிலத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக, ஆங்கிலேயர் நமக்கு விடுதலை தந்தார்கள் என்று எழுதும் நம் தோழர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். பள்ளிக்கூடக் கதவு திறந்தது உண்மை, பட்டாளத்தில் இடம் கிடைத்தது உண்மை. அதே கை 64ஆம் பிரிவையும் எழுதியது.

இன்றைய ஹேர்வுட்டுக்கு வருவோம். 1986 முதல் மாளிகை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். எட்டாம் பிரபு டேவிட் லாசல்ஸ் தன் குடும்பத்தின் அடிமை வணிகத்தை மறைக்கவில்லை. பழைய மேற்கிந்தியக் கணக்குத் தாள்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். 2007இல் கரீபியக் கலைஞர் ஜெரால்டின் கானரின் 'கார்னிவல் மெசையா' அந்தப் பூங்காவிலேயே அரங்கேறியது. லீட்ஸ் நகரில் கரீபிய மக்களின் திருவிழாவைத் தொடங்கிய ஆர்தர் பிரான்சின் உருவப்படம் பிரபுக்களின் படங்களுக்கு நடுவே ஏறியது. 2023இல் தொடங்கிய 'அடிமைமுறையின் வாரிசுகள்' என்ற குழுவிலும் அவர் இருக்கிறார்.

இதைக் கண்துடைப்பு என்று தள்ளிவிடுவது சுலபம். நான் தள்ளவில்லை. 2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் வசமுள்ள மாளிகைகளில் 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமைமுறையோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது, எவ்வளவு கூச்சல்! நாடாளுமன்ற உறுப்பினர்களே கண்டித்தார்கள், வரலாற்றாசிரியர்களுக்கு மிரட்டல் வந்தது. தோட்டம் பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்றார்கள். தாத்தா நிலம் சேர்த்த கதையை வாய் திறந்து சொல்லும் ஒரு மிராசுதார் குடும்பத்தை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த அளவில் ஹேர்வுட் ஒரு படி மேலேதான்.

ஆனால் சுவரில் ஒரு படம் கூடியது, நிலம் கைமாறவில்லை. பார்படோஸ் தோட்டங்கள் 1970கள் வரை லாசல்ஸ் குடும்பத்திடமே இருந்தன. அப்புறம் விற்றார்கள், விலைக்கு. ஒப்புக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலாவது முன்னால் வந்து நின்று கைகூப்புகிறது.

இன்னொரு வீட்டைப் பாருங்கள். டார்செட்டில் சார்பரோ என்ற மாளிகை, மைல் கணக்கில் நீளும் செங்கல் மதிலோடு. அந்த டிராக்ஸ் குடும்பம் 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸில் கரும்பு நட்ட முதல் குடும்பங்களில் ஒன்று. டிராக்ஸ் ஹால் தோட்டம் இந்த நூற்றாண்டிலும் அவர்களுடையதாகவே தொடர்ந்தது. உரிமையாளர் ரிச்சர்ட் டிராக்ஸ் 2024 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அந்தத் தோட்டத்தில் சுமார் 50 ஏக்கரை, ஏழைகளுக்கு வீடு கட்ட, பார்படோஸ் அரசே விலைக்கு வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. விலை 30 லட்சம் பவுண்டு அளவில். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வரிப்பணத்தில் அடிமை முதலாளியின் வாரிசுக்கு மறுபடியும் இழப்பீடா என்று தீவு கொதித்தது. 2024 ஏப்ரலில் பிரதமர் மியா மோட்லி அந்த விற்பனையை நிறுத்திவைத்தார்.